எட்டாம் இலக்க முன்மாதிரி

வன்னியிலுள்ள கண்டாவளைக் கமக்காரர் அமைப்பின் செயலாளர் அருந்ததிக்கு டிசம்பர் முடிவில் ஒரு கடிதம் வந்தது. தடித்த காகிதம். மேலே அரச இலச்சினை, மூன்று மொழியிலும் தலைப்பு. கீழே கையெழுத்து, கையெழுத்தின் மேல் முத்திரை, முத்திரையின் மேல் இன்னொரு கையெழுத்து. "நெல்லை வெட்டி, அடித்து, தூற்றித் தரும் தேசிய கூட்டு அறுவடை இயந்திரத்தின் முதலாவது உற்பத்தி தங்கள் அமைப்புக்கே வழங்கப்படவுள்ளது. ஜனவரி இருபதாந் திகதி கொட்டாஞ்சேனையிலுள்ள எமது அலுவலகத்துக்குச் சமூகமளித்துப் பெற்றுக்கொள்ளவும்" என்று அதில் எழுதியிருந்தது.

இப்படி ஒரு கடிதத்தை யார்தான் நம்பாமல் விடுவார்கள்? வருடாவருடம் தெற்கிலிருந்து வெட்டு மிஷின் கொண்டுவருகிறவனுக்குப் போன் எடுத்து, "இந்தமுறை நீ வரத் தேவையில்லைத் தம்பி, எங்களுக்குச் சொந்த மிஷின் வருகுது" என்று சொன்னது அருந்ததிதான். கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிவிட்டாள். அவன் கோபிக்கவில்லை. மிஷினை லொறியில் ஏற்றிக்கொண்டு மன்னாருக்குப் போய்விட்டான். கண்டாவளையில் நாற்பது ஏக்கர் காலபோக நெல் பழுத்துத் தலைசாய்ந்து, அருந்ததி கொண்டுவரப்போகும் மிஷினைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் பத்தொன்பதாந் திகதியே கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் தம்பி ஜனாவின் மாடிவீட்டில் தங்கினாள். ஜனா வங்கியில் வேலை செய்பவன். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"லெட்டர்ஹெட்டில வந்திருக்கு அக்கா. சும்மா அனுப்பமாட்டினம். மிஷினை எப்பிடிக் கொண்டு போகப் போறீங்கள்?"

"அதைக் கேட்டுத்தான் ரெண்டு கடிதம் போட்டனான். பதில் இல்லை."

"பதில் வராட்டி எல்லாம் சரியாப் போகுதெண்டு அர்த்தம்" என்றான் ஜனா. அரசாங்கத்தைப் பற்றி அவனுக்கு அப்படியொரு மரியாதை.

மறுநாள் காலை மட்டக்குளி பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கினாள். துறைமுகப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கிட்டங்கி ஒன்று. அதன் நெற்றியில் 'தேசிய கூட்டு அறுவடை இயந்திர முன்மாதிரி உருவாக்க மற்றும் மேம்பாட்டு அதிகாரசபை' என்ற பெயர்ப்பலகை. சுவர் போதாமல் 'சபை' மட்டும் மூலை திரும்பி அடுத்த ஒழுங்கைக்குள் போயிருந்தது. வாசற் காவலாளி அவளுடைய பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்து, குடை ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று என்று கொப்பியில் எழுதிக்கொண்டான்.

"போகேக்குள்ளயும் பார்ப்பீங்களோ?" என்று கேட்டாள்.

"அனிவா அக்கே! கட்டாயம்" என்றான் அவன். "முப்பத்தொரு வருசம். இந்த கேட்டால ஒரு ஆணிகூட வெளிய போனதில்ல."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். அருந்ததியும் நல்ல காவல் என்றுதான் நினைத்தாள்.

உள்ளே ஷபீகா என்ற எழுதுநர் இருந்தாள். மாளிகாவத்தைக்காரி. பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். கடிதத்தை வாங்கிப் பார்த்தவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"யா அல்லா! நீங்க மெய்யாலுமே வந்துட்டீங்களா?"

"வரச் சொல்லித்தானே எழுதியிருக்கு?"

ஷபீகா அவளைத் தலைவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தலைவர் ஆனந்தகிருஷ்ணன் புறக்கோட்டையில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தவர். ஐந்து அமைச்சர்கள் மாறியும் மாறாத தலைவர். நெல்லை அவர் சோறாகத்தான் கண்டிருக்கிறார்.

"உட்காருங்க மிஸ். ஷபீகா, கடிதம் என்னைக்குப் போட்டோம்?"

"டிசம்பர் பதினெட்டு சேர்."

"உங்களுக்கு எப்ப கிடைச்சது மிஸ்?"

"இருபத்தொன்பதாந் திகதி."

"பதினொரு நாள். போய்ச் சேர்ந்திருக்கு. படிச்சிருக்காங்க. சொன்ன திகதியில ஆளும் வந்துட்டாங்க. ஷபீகா, எழுதிக்கோங்க. நூறு வீதம் வெற்றி!" தலைவர் எழும்பி நின்று அருந்ததிக்குக் கைகூப்பினார்.

"மிஷின் எங்க ஐயா?"

"எந்த மிஷின்?"

அருந்ததி கடிதத்தை மேசையில் விரித்து விரலை வைத்துக் காட்டினாள். தலைவர் ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சிரித்தார்.

"இது முன்மாதிரிக் கடிதம் மிஸ். நாளைக்கு உற்பத்தி தொடங்கினா விவசாயிக்குக் கடிதம் அனுப்பணும் இல்லையா? அந்தக் கடிதம் ஒழுங்காப் போய்ச் சேருமான்னு பரிசோதிக்காம எப்படி அனுப்புறது? பொதுமக்கள் விசயத்துல நாங்க அவசரப்படவே மாட்டோம்."

அருந்ததி வாடகை மிஷினை வேண்டாமென்று சொன்னதை, நாற்பது ஏக்கரை, இருபத்தேழு குடும்பங்களை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். இன்னும் இரண்டு கிழமைக்குள் வெட்டாவிட்டால் நெல் வயலிலேயே கொட்டிவிடும் என்றாள். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நம்பிக்கை" என்றார் கடைசியில். "கடிதத்தைப் பார்த்ததும் இருந்த மிஷினையே வேண்டாம்னு அனுப்பிட்டீங்க பாருங்க! ஷபீகா, இதையும் எழுதிக்கோங்க. விவசாயிகள் நம்பிக்கைன்னு தனித் தலைப்புல போடுங்க."

பிறகு மிகுந்த பெருந்தன்மையோடு, வந்தவர் வெறுங்கையோடு போகக்கூடாது, மிஷின்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். பிரதம வடிவமைப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா அவளைப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். கழுத்துப்பட்டி கட்டிய, பூனைபோல நடக்கும் மனிதர். சொந்த ஊர் சாவகச்சேரி.

கொட்டகையில் ஏழு வெட்டு மிஷின்கள் வரிசையாக நின்றன. ஏழும் பச்சை நிறம், ஏழுக்கும் பிளாஸ்டிக் மாலை, ஏழின் நெற்றியிலும் நாடா வெட்டிய அமைச்சரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. சில்லில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. மிஷின்களுக்கு முன்னால் குத்துவிளக்கு வைத்த இடங்களில் மட்டும் எண்ணெய்க் கறை இருந்தது.

"இது ஏன் வயலுக்குப் போகேல்லை?" முதலாவதைக் காட்டிக் கேட்டாள்.

"இதின்ர அகலம் பன்னிரண்டு அடி. வாசல் பதினொண்டு. கட்டி முடிஞ்ச பிறகுதான் வாசலை அளந்தவை."

"வாசலை இடிக்கலாந்தானே?"

"புராதனக் கட்டடம் தங்கச்சி. ஒரு கல்லைத் தொடேலாது."

"அப்ப ரெண்டாவது?"

"அதுவும் பன்னிரண்டு அடிதான். அங்கீகாரம் கிடைச்ச வரைபடம் இது ஒண்டுதானே. வேற அகலத்தில கீறினா அதுக்குப் புதுசா அங்கீகாரம் எடுக்கவேணும். அதுக்குப் பதினாலு வருசம். அந்த வரைபடத்தை வைச்சே ஆறும் செய்தம்."

அருந்ததி அவர் முகத்தைப் பார்த்தாள். பகிடியல்ல. மனிதர் உண்மையாகவே கவலையோடுதான் சொன்னார்.

"ஏழாவது மட்டும் ஒன்பது அடி" என்றார், குரலைத் தாழ்த்தி. "வரைபடத்தைப் போட்டோக்கொப்பி அடிக்கேக்க சுருங்கிப்போச்சு. ஒருத்தரும் கவனிக்கேல்லை. இவன் வாசலால போவான்."

இருபதாந் திகதி முழுவதிலும் அருந்ததி கேட்ட ஒரே நல்ல செய்தி அதுதான். நேரே தலைவரிடம் ஓடினாள்.

"ஐயா, ஏழாவதைத் தாங்கோ. முப்பத்தொரு வருசமா ஒரு மிஷினாவது வயலைக் காண வேண்டாமோ?"

தலைவரின் முகம் மாறியது. இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. அதை ஐந்து அமைச்சர்களிடமும் பேசியிருக்கிறார்.

"மிஸ், நல்லாக் கேளுங்க. உற்பத்தி செஞ்சா சனங்க பாவிப்பாங்க. பாவிச்சா பழுதாகும். பழுதானா யாரைத் திட்டுவாங்க? இந்த முப்பத்தொரு வருசத்துல எங்க மிஷின் நடுவயல்ல நின்னுபோச்சுன்னு ஒரு விவசாயி முறைப்பாடு செஞ்சிருக்கானா? ஒருத்தன்? நெல்லைச் சிந்துதுன்னு? டீசல் குடிக்குதுன்னு? வெளிநாட்டுக் கம்பெனிக்கெல்லாம் ஆயிரக்கணக்குல முறைப்பாடு. எங்களுக்கு ஒண்ணுமே இல்ல. உலகத்துலயே முறைப்பாடு இல்லாத அறுவடை மிஷின் நம்ம நாட்டுதுதான். அந்தப் பெயரைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

இருந்தாலும் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. ஏழாம் இலக்கம் வயற்பரிசோதனையில் சித்தியடைந்தால், மூன்றே நாளில் முதல் விவசாயியிடம் கொடுக்கலாம். ஆனால் பரிசோதிக்காத மிஷினை வீதியில் கொண்டுபோக முடியாது. ஆகவே பரிசோதனை அதிகாரசபை வளவுக்குள்தான் நடக்கவேண்டும். கொட்டாஞ்சேனையில் வயல் கிடையாது.

"அதுதான் ஆறு மிஷினும் நின்னுபோச்சு" என்றார் தலைவர், கையை விரித்து. "வயல் வந்தா நாங்க தயார்."

அருந்ததி பஸ்ஸில் திரும்பும்போது பழனியம்மாவுக்குப் போன் எடுத்தாள். பழனியம்மா அமைப்பின் பொருளாளர். பெற்றோர் எழுபத்தேழில் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள்.

"பழனியம்மா, வரம்போரத்து நெல்லை வேரும் மண்ணுமாக் கிண்டி முப்பது உரப்பையில கட்டி மரக்கறி லொறியில அனுப்பு."

"என்னக்கா, மிசினு கொண்டாரப் போனீங்க. இப்ப வயலக் கேக்கிறீங்க?"

"வயல் வந்தாத்தான் மிஷின் வருமாம்."

"கொழும்புக்குப் போனா மனுசருக்கு என்னமோ ஆகிருது" என்று பழனியம்மா சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மூன்றாம் நாள் முப்பது பைகளும் வந்து இறங்கின. வேரறுத்து நடுவதற்கு உதவட்டும் என்று ஒரு பைக்குள் தன்னுடைய அரிவாளையும் செருகி அனுப்பியிருந்தாள். பிடியில் சிவப்புச் சீலைத்துண்டு சுற்றிய, தேய்ந்து மெலிந்த அரிவாள்.

காவலாளி பைகளுக்குள் எட்டிப் பார்த்தான். புல் என்பதைச் சிங்களத்தில் "தணகொள" என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டான். அவன் கண்ணுக்கு நெல்லும் புல்லும் ஒன்றுதான். தட்டிப் பார்க்கவுமில்லை, கவிழ்த்துக் கொட்டவுமில்லை.

அதிகாரசபையில் நூற்றுநாற்பது பேர் வேலை செய்தார்கள். எவருடைய கடமைப்பட்டியலிலும் நடுகை இல்லை. எனவே வளவில் மணல் பரப்பி, ஒரு சின்ன முற்றமளவு துண்டில், அருந்ததி தனியாக இரண்டு நாள் குனிந்து நெல்லை நட்டாள். மேல்மாடி ஜன்னல்களில் நின்று அலுவலர்கள் போட்டோ எடுத்தார்கள். இருபத்தாறாந் திகதி பரிசோதனை என்று முடிவாகியது.

இருபத்தாறாந் திகதி நல்ல நேரம் இல்லையாம். சோதிடர் பெப்ரவரி ஐந்து, காலை பத்து நாற்பத்திரண்டு என்று குறித்துக் கொடுத்தார். அமைச்சருக்கும் அன்றுதான் வசதி. அருந்ததி கெஞ்சினாள். அன்றுவரை நெல் நில்லாது என்றாள்.

"கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார் தலைவர்.

பார்த்தும் கொண்டார்கள். நலன்புரிச் சங்கம் முறைவைத்துக் காலையும் மாலையும் அந்த விளைந்த நெல்லுக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றியது. ஒரு சனி ஞாயிறு வெள்ளவத்தையில் இருந்துவிட்டுத் திங்கள் வந்து பார்த்த அருந்ததி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். கதிரிலேயே நெல்மணி முளைவிட்டுப் பச்சைப் பச்சையாய் எட்டிப் பார்த்தது. தலைவர் பூரித்துப்போனார்.

"பார்த்தீங்களா? உங்க ஊர்ல மஞ்சளா இருந்துச்சு. நாங்க பச்சையாக்கிட்டோம்!"

அருந்ததிக்கு அழுகையும் வந்தது, அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று கொடுத்தால் என்ன என்றும் வந்தது. மூன்று நாளில் மிஷின், மூன்று நாளில் மிஷின் என்று மனதுக்குள் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவுக்கும் பிறகு விட்டுவிட்டுப் போனால் கண்டாவளையில் எந்த முகத்தோடு நிற்பது?

பெப்ரவரி ஐந்து காலை பழனியம்மா போன் எடுத்தாள்.

"அக்கா, தாழமுக்கமாம், பெருமழ வருதாம். ரேடியோவுல சொல்லிட்டான். மிசினு வருமா வராதா, ஒரு சொல்லுச் சொல்லுங்க. நாங்க கையால எறங்கிட்டோம். இருபத்திரண்டு ஏக்கரு வெட்டியாச்சு. குருக்கள் ஐயரும் எறங்கிட்டாரு, பள்ளிக்கூட டீச்சரும் எறங்கிட்டாங்க. அருவாளுதான் பத்தல."

"இண்டைக்குப் பரிசோதனை. பாஸானால் மூண்டு நாளில மிஷின். கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். மழ பொறுக்குமா?"

பத்து நாற்பத்திரண்டு ஆனது. அமைச்சர் வரவில்லை. நல்ல நேரம் தப்பிவிடக்கூடாது என்று ஷபீகாவை ஏணியில் ஏற்றிக் கூடத்து மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றுவித்தார்கள். அமைச்சர் ஒன்றேகாலுக்கு வந்தார். மணிக்கூடு பத்து நாற்பத்திரண்டைக் காட்டியது. எல்லாரும் அதைப் பார்த்துத் திருப்தியோடு குத்துவிளக்கேற்றினார்கள்.

அமைச்சர் சிங்களத்தில் பேச ஸ்ரீஸ்கந்தராசா தமிழில் சொன்னார். "நானும் ஒரு விவசாயியின் மகன். என் தகப்பனார் கையால் கதிர் அறுத்தார். இன்று முதல் இந்த நாட்டில் எந்த விவசாயியும் கையால் கதிர் அறுக்கத் தேவையில்லை!" கைதட்டல் எழுந்தது. அருந்ததிக்குக் குருக்கள் ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் குனிந்து நிற்பது கண்ணுக்குள் வந்தது.

நாடா வெட்டப்பட்டது. அமைச்சர் பொத்தானை அழுத்தினார். ஏழாம் இலக்கம் உறுமியது, கரும்புகை கக்கியது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக நகர்ந்தது! நெல்லுக்குள் இறங்கி, நெல்லை ஒன்றும் செய்யாமல், வாயைத் திறந்தபடி மெல்ல மெல்ல அதை உழக்கிக்கொண்டு போனது.

"ஏன் வெட்டுதில்லை?" அருந்ததி ஸ்ரீஸ்கந்தராசாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் அவள் காதுக்குள் சொன்னார். "கத்தியைக் கழட்டிப்போட்டம் தங்கச்சி. அமைச்சர் வாற இடத்தில கூரான சாமான் ஒண்டும் இருக்கக்கூடாதெண்டு பாதுகாப்புக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போட்டினம்."

பரிசோதனை தோற்றால் மிஷின் இல்லை. மிஷின் இல்லாவிட்டால் பதினெட்டு ஏக்கர் போச்சு. அருந்ததி அதற்கு மேல் யோசிக்கவில்லை. மூலையில் கிடந்த உரப்பைக்குள் கையை விட்டு அரிவாளை எடுத்தாள், சீலையைத் தூக்கிச் செருகினாள், மிஷினின் வாய்க்கு முன்னால் பாய்ந்து குனிந்தாள். பிடிபிடியாக அறுத்து அறுத்து மிஷினின் வாய்க்குள் எறிந்தாள். மிஷின் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்னால் தள்ளாடி வந்தது. ஆறு நிமிடத்தில் வளவு மொட்டை. பின்பக்கக் குழாயால் முளைவிட்ட நெல் கொட்டியது.

அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். நூற்றுநாற்பது பேரும் கைதட்டினார்கள். தலைவர் அருந்ததிக்குப் பொன்னாடை போர்த்தினார். வியர்வையும் புழுதியுமாக நின்ற அவளுக்கு அது ஒட்டிக்கொண்டது.

"பாஸ்தானே ஐயா? மிஷினை எப்ப தருவீங்கள்?"

"பாஸ் மட்டுமா? அதி விசேஷ சித்தி! ஆனா பாருங்க, இப்படி ஒரு சித்தி பெற்ற முன்மாதிரியை வெளிய அனுப்பித் தேய விடலாமா? இனி வர்ற எல்லா முன்மாதிரிக்கும் இதுதான் அளவுகோல். இது இங்கேயே பாதுகாக்கப்படும்." பிறகு குரலைக் குழைத்தார். "அமைச்சருக்கு ரொம்பப் பிடிச்சது அந்த வெட்டும் பகுதி. டீசல் வேணாம், உதிரிப்பாகம் வேணாம், சேத்துலயும் வேலை செய்யும், வாசலாலயும் போகும். இப்படி ஒண்ணை இத்தனை வருசமா எங்க பொறியியலாளர்களால யோசிக்க முடியலையேன்னு கேட்டார். ஆகவே அதைத் தனியா எடுத்து ஆராய்ச்சி பண்ணப் போறோம்."

"எதை?"

தலைவர் அவளை உள்ளே ஷபீகாவின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரிவாள் அவள் கையில் இல்லை. பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் யாரோ வாங்கியிருந்தார்கள். அது ஷபீகாவின் மேசையருகே ஒரு பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்புப் பட்டின்மேல் கிடந்தது. பிடியில் ஓர் அட்டை தொங்கியது. 'முன்மாதிரி இலக்கம் 8.' அதற்கும் ஒரு பிளாஸ்டிக் மாலை போட்டாகிவிட்டது.

"அது என்ர ஊர்க்காரியின்ர அருவாள் ஐயா. திருப்பித் தாங்கோ."

"இருப்புப் பதிவில ஏறிட்டுது மிஸ். இனி அது தேசத்தின் சொத்து. ஆனா பயப்படாதீங்க. எட்டாம் இலக்கம் உற்பத்திக்கு வந்ததும் முதலாவது உங்க அமைப்புக்குத்தான். கடிதம் அனுப்புவோம்."

சொல்லிவிட்டு அவர் அமைச்சரோடு பகல் சாப்பாட்டுக்குப் போனார். போகும்போது திரும்பி, வளவில் கிடக்கும் புல்லை அள்ளிக்கொண்டு போய்விடுமாறும் அவளிடம் சொன்னார். வளவு அசிங்கமாகத் தெரிகிறதாம்.

போன் அடித்தது.

"அக்கா" என்றாள் பழனியம்மா. பின்னால் மழைச் சத்தம். "ஊத்திருச்சு. பதினெட்டு ஏக்கரும் தண்ணிக்குள்ள சாஞ்சு கெடக்கு. இனி மிசினு வந்தாலும் எறங்காது, சேத்துல பொதைஞ்சிரும். முடிஞ்ச வரைக்கும் வெட்டுவோம். கையால தலையத் தூக்கித் தூக்கித்தான் அறுக்கணும். மிசின விடுங்க, அது கெடக்கட்டும். அந்த அருவாளயாச்சும் பத்திரமாக் கொண்டாந்திருங்க. வெறுங்கையோட நிக்கிறேன்."

அருந்ததி போனைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தாள். அழுதாள். யாருக்காகவும் மறைக்கவில்லை. ஒரு கடிதத்தை நம்பினேன், என்ர சனத்தின்ர வாயில மண்ணைப் போட்டேன் என்று அழுதாள்.

ஷபீகா எழுந்து வந்தாள். போனில் வந்த ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டிருந்தது.

"அக்கா, அந்தக் கடிதத்தை டைப் பண்ணினது நான்தான்" என்றாள். "யாரும் வரமாட்டாங்கன்னு சேர் சொன்னார். நானும் நம்பினேன்." பிறகு சாவிக்கொத்தை எடுத்து மேசையின் ஓரத்தில், அருந்ததியின் கைக்கு எட்டும் தூரத்தில், சத்தம் வர வைத்தாள். "எனக்குத் தொழ நேரமாச்சு. இருபது நிமிசம் வரமாட்டேன்."

இருபது நிமிடம் தேவைப்படவில்லை. மூன்று உரப்பைகளில் வைக்கோலை அடைத்துக் கட்டி, தலையில் ஒன்றும் இரண்டு கையில் இரண்டுமாக அருந்ததி வாசலுக்கு வந்தாள். காவலாளி அவளுடைய கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினான். குடை ஒன்று. தண்ணீர்ப் போத்தல் ஒன்று. பொன்னாடை ஒன்று. பொன்னாடையை விரித்து உதறியும் பார்த்தான். பிறகு உரப்பைகளைப் பார்த்தான்.

"தணகொளத அக்கே?"

"ஓம் தம்பி. புல்லுத்தான்."

"ஹரி, யன்ன" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

அதிகாரசபை மறுநாளே ஐவர் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தது. காவலாளி இடைநிறுத்தப்பட்டான். புல்லின் நிறை ஏன் பதியப்படவில்லை என்று அவனிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். குழுவின் முதற்கூட்டத்தில் ஆனந்தகிருஷ்ணனுக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம். "முப்பத்தொரு வருசம் கட்டிக்காத்தோம். ஒரு முன்மாதிரி இந்த வாசலைத் தாண்டி வயலுக்குப் போயிடுச்சே!" என்றாராம்.

அவர் அழுத நேரத்தில் அந்த முன்மாதிரி கண்டாவளையில் முழங்காலளவு சேற்றுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. பதினெட்டு ஏக்கரில் ஏழை மீட்டார்கள். பதினொன்று மண்ணோடு போய்விட்டது. கண்டாவளையில் ஒருவரும் அருந்ததியை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஒருவர் முகத்தையும் பாராமல் இருட்டும்வரை அறுத்த கதிர் உப்பட்டிகளைச் சுமந்தாள்.

பொழுதுபட வரம்பில் ஏறிய பழனியம்மா அரிவாளைக் கழுவும்போது, பிடியில் ஊறிப்போய்த் தொங்கிய அட்டையைக் கண்டாள்.

"இது என்னக்கா, எட்டுன்னு போட்டிருக்கு?"

"ஒண்டுமில்லை" என்றாள் அருந்ததி. "அறுத்தெறி."